பல கிளவுட்களில் தாக்குதல் ஒத்திகை: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரே நிறுவனத்தின் மென்பொருள் அமேசானின் ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்டின் அஸூர், கூகுள் கிளவுட் என மூன்று கிளவுட்களில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிச் சேவைகளில், ஓடுவது இன்று சாதாரணம். குழு முதலில் தொடங்கிய இடம் ஒன்று, அலுவலக மின்னஞ்சலோடு ஒட்டிக்கொண்டு வந்தது இன்னொன்று, தரவுப் பகுப்பாய்வுக்காகப் பிறகு சேர்ந்தது மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு அறிக்கை இருக்கும். மூன்றிலும் எல்லாம் சரி என்ற பச்சைக் குறிகள் வரிசையாக நிற்கும். உள்ளே நுழைபவன் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. அஸூரில் கிடைத்த சாவி ஏடபிள்யூஎஸ் கதவைத் திறக்குமானால் அவனுக்கு அது ஒரே வீட்டின் இரண்டு அறைகள்தான்.

அந்த வழி திறந்திருக்கிறதா, அதில் யாராவது நடந்தால் நமக்குத் தெரிய வருமா? அறிக்கையைப் படித்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நாமே நடந்து பார்க்க வேண்டும். அதைத்தான் தாக்குதல் ஒத்திகை என்கிறோம். உள்ளே நுழைய முடிகிறதா என்பதைவிட, நுழைந்தபின் எச்சரிக்கை வருகிறதா என்பதற்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். ஏன் என்பதற்கு 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்த திருட்டைப் பாருங்கள்.

தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு ஃபயர்வால் வழியாகத் தாக்கியவர் உள்ளே கோரிக்கை அனுப்பினார். அந்தச் சர்வருக்கு ஏடபிள்யூஎஸ் கொடுத்திருந்த தற்காலிகச் சாவி, அதாவது கடவுச்சொல் போல வேலை செய்யும் எழுத்துத் தொடர், அவர் கைக்கு வந்தது. அந்தச் சாவிக்கு எஸ்3 பக்கெட்களை (ஏடபிள்யூஎஸில் கோப்புகளைச் சேமிக்கும் இடங்கள்) படிக்கும் அனுமதி இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. திருட்டு நடந்தது மார்ச் மாதம். வங்கிக்குத் தெரிந்தது ஜூலையில், அதுவும் வெளியாள் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பிச் சொன்ன பிறகு. அடுத்த ஆண்டு வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பயன்பட்ட சாவி செல்லுபடியாகும் சாவி. படித்த கோப்புகளைப் படிக்க அதற்கு அனுமதியும் இருந்தது. இயந்திரத்தின் பார்வையில் எல்லாம் முறையான கோரிக்கைகள். இப்படி மணி அடிக்காத இடங்களைத்தான் ஒத்திகையில் கண்டுபிடிக்க வேண்டும்.

அனுமதி எழுத்தில் வேண்டும்

இரண்டு தரப்பின் அனுமதி தேவை. முதலாவது, உங்கள் நிறுவனத்தின் அனுமதி. வாய்ச்சொல் போதாது. எந்தக் கணக்கு எண்கள், எந்தத் தேதிகள், எந்த நேரம், யார் செய்வார், யார் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும் என்பவை கையொப்பத்தோடு ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். நடுஇரவில் பாதுகாப்புக் குழு உங்களை உண்மையான திருடன் என்று நினைத்துப் பின்தொடரும்போது அந்த ஒரு பக்கம்தான் உங்களைக் காக்கும்.

இரண்டாவது, கிளவுட் நிறுவனங்களின் விதிகள். நல்ல வேளையாக, மூன்றுமே இன்று தாராளமாக இருக்கின்றன. ஏடபிள்யூஎஸ் ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதிலுள்ள சேவைகளில் உங்கள் சொந்தக் கணக்கைச் சோதிக்க முன்அனுமதி வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் 2017 ஜூன் 15 முதல் அஸூருக்கு முன்அனுமதி கேட்பதை நிறுத்திவிட்டது. கூகுளுக்கும் முன்கூட்டித் தெரிவிக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் சொந்தத் திட்டங்களை (கூகுள் கிளவுடில் தனித்தனிப் பிரிவுகளுக்கு இதுதான் பெயர்) மட்டுமே தொட வேண்டும். கோரிக்கைகளைக் குவித்துச் சேவையை முடக்கும் சோதனையைச் சாதாரண ஒத்திகையில் சேர்க்கவே கூடாது. அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். இந்த விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், தொடங்கும் நாளில் மூன்று நிறுவனங்களின் விதிப்பக்கங்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள். கிளவுடுக்கு மேல் வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்த நிறுவனத்தின் அனுமதி தனி.

சோதனைக்கென்று தனி இடம்

ஏடபிள்யூஎஸில் தனிக் கணக்கு, அஸூரில் தனிச் சந்தா (சப்ஸ்கிரிப்ஷன்), கூகுளில் தனித் திட்டம். வாடிக்கையாளர் தரவு இருக்கும் இடத்தில் முதல் ஒத்திகையை நடத்தாதீர்கள். உண்மையான கோப்பு ஒன்றுகூட இந்தச் சோதனைக் கணக்குகளில் வேண்டாம்; போலிப் பெயர்களும் போலி எண்களும் நிரப்பிய கோப்புகள் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை. சோதனைக் கணக்கு உங்கள் நிறுவனத்தின் உண்மையான கண்காணிப்போடு இணைந்திருக்க வேண்டும். நிஜக் கணக்குகளில் இருந்து பதிவுகள் போய்ச் சேரும் அதே இடத்துக்கு இதன் பதிவுகளும் போக வேண்டும். அதே விதிகள், அதே எச்சரிக்கைகள், அதே ஆட்கள். தனித் தீவாக ஒரு கணக்கைத் திறந்து அதில் தாக்கிப் பார்த்தால் கருவி வேலை செய்கிறது என்று தெரியும், உங்கள் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று தெரியாது.

மூன்று இடங்களிலும் செலவு வரம்பு எச்சரிக்கையை அன்றே வைத்துவிடுங்கள். அணைக்க மறந்த சர்வர் ஒன்று மாதக் கடைசியில் பில்லாக வந்து நிற்கும்.

பதிவேடுகள் உண்மையில் திறந்திருக்கின்றனவா

இந்தக் கட்டத்தைத்தான் பலர் அவசரமாகத் தாண்டுகிறார்கள். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது.

ஏடபிள்யூஎஸில் கிளவுட்ட்ரெயில், அஸூரில் ஆக்டிவிட்டி லாக், கூகுளில் ஆடிட் லாக். மூன்றும் நிர்வாகச் செயல்களைத் தாமாகவே பதிவு செய்கின்றன: யார் சர்வரை உருவாக்கினார், யார் அனுமதியை மாற்றினார் என்பது போன்றவை. எவ்வளவு நாள் வைத்திருக்கும் என்பதில் வேறுபாடு உண்டு. கிளவுட்ட்ரெயிலின் நிகழ்வு வரலாறும் அஸூரின் ஆக்டிவிட்டி லாகும் 90 நாள். கூகுளின் நிர்வாகப் பதிவு 400 நாள். அதற்கு மேல் வேண்டுமானால் நீங்களே வேறிடத்துக்கு அனுப்பிச் சேமிக்க வேண்டும்.

ஆனால் திருட்டின் முக்கியமான கணம், அதாவது ஒருவர் ஒரு கோப்பைத் திறந்து படிப்பது, பெரும்பாலும் இயல்புநிலையில் பதிவாவதில்லை. எஸ்3 பக்கெட்டில் ஒரு கோப்பைப் படித்தால், தரவு நிகழ்வுகள் என்ற பதிவை நீங்கள் இயக்கியிருந்தால் மட்டுமே கிளவுட்ட்ரெயிலில் தெரியும். அஸூரின் சேமிப்பகத்திலும், ரகசியங்களைப் பூட்டிவைக்கும் கீ வால்ட்டிலும் டயக்னாஸ்டிக் என்ற பதிவு அமைப்பை நீங்கள் இயக்க வேண்டும். கூகுளில் தரவு அணுகல் பதிவு, பிக்குவெரி என்ற தரவுப் பகுப்பாய்வுச் சேவை தவிர மற்றவற்றுக்கு அணைந்தே இருக்கும். இந்தப் பதிவுகளுக்குச் செலவு உண்டு என்பதால் யாரும் எல்லாவற்றுக்கும் இயக்குவதில்லை. அது நியாயம்தான். எதற்கு இயக்கியிருக்கிறோம், எதற்கு இயக்கவில்லை என்பதாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒத்திகைக்கு முன் இந்தப் பட்டியலைத் தயார் செய்யுங்கள். பல நிறுவனங்களில் முதல் ஓட்டை இங்கேயே, ஒரு தாக்குதலும் நடத்தாமலே கிடைத்துவிடும்.

ஏடபிள்யூஎஸில் இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் பதிவு எல்லா ரீஜியன்களையும் (அதன் தரவு மையங்கள் உள்ள உலகப் பகுதிகள்) உள்ளடக்கியதா? ஒரு ரீஜியனுக்கு மட்டும் அமைத்திருந்தால், நீங்கள் பயன்படுத்தாத ரீஜியனில் ஒருவர் சர்வர் வைத்து ஓட்டுவது உங்கள் கண்ணில் படாது.

சாவிகள் எங்கிருந்து எங்கே போகின்றன

ஒரு பெரிய தாளை எடுத்து மூன்று கிளவுட்களையும் மூன்று கட்டங்களாக வரையுங்கள். ஒரு கட்டத்தில் இருப்பவருக்கு இன்னொரு கட்டத்தில் நுழையும் உரிமை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அம்புக்குறி போடுங்கள். கருவி எதுவும் தேவையில்லை. மூன்று குழுக்களில் இருந்தும் ஒவ்வொருவர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். பல கிளவுட் பாதுகாப்பின் சாரம் இந்தப் படத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கே தேடுவது? முதலில் உள்நுழைவு. ஊழியர்கள் மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுச் சேவையான என்ட்ரா ஐடி கணக்கால் ஏடபிள்யூஎஸுக்குள்ளும் கூகுளுக்குள்ளும் நுழைகிறார்கள் என்றால், என்ட்ராவில் நிர்வாகியாக ஆனவர் மூன்றிலும் ஆனவர்தான். அடுத்து, மென்பொருளைக் கட்டி வெளியிடும் சர்வர். மூன்று கிளவுட்களிலும் மாற்றம் செய்ய அதற்கு அதிகாரம் இருக்கும். மூன்றின் சாவிகளும் அதன் வயிற்றில் இருக்கும். பிறகு, கிளவுட் அமைப்புகளைக் குறியீடாக எழுதி உருவாக்கும் டெராஃபார்ம் கருவியின் ஸ்டேட் கோப்பு; எதையெல்லாம் உருவாக்கினோம் என்பதை அது குறித்துவைத்திருக்கும். கடவுச்சொற்கள் அதில் மறைக்கப்படாமல் அப்படியே எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அந்தக் கோப்பு எந்தப் பக்கெட்டில் இருக்கிறது, யாரெல்லாம் படிக்கலாம் என்று கேளுங்கள். கடைசியாக, ஒரு கிளவுடில் இருந்து இன்னொன்றுக்குத் தரவை நகர்த்தும் இரவு நேர வேலைகள். யாரோ என்றோ எழுதி வைத்தவை. அவற்றுக்குள் ஏகேஐஏ என்று தொடங்கும் ஏடபிள்யூஎஸ் நிரந்தரச் சாவியோ, கூகுள் சர்வீஸ் அக்கவுண்டின் (மென்பொருள்கள் பயன்படுத்தும் கணக்கு) சாவி இருக்கும் ஜேசான் கோப்போ உட்கார்ந்திருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். சாவி போயிருக்காது.

நிரந்தரச் சாவியே இல்லாமல் ஒரு கிளவுட் இன்னொன்றை நம்பும் முறையும் உண்டு. வெளியீட்டுச் சேவை தன் அடையாளச் சீட்டைக் காட்டும், ஏடபிள்யூஎஸ் அதைச் சரிபார்த்துத் தற்காலிகச் சாவி தரும். நல்ல முறை. ஆனால் சீட்டில் எதைச் சரிபார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். மென்பொருள் குறியீட்டைச் சேமித்து வெளியிட உதவும் கிட்ஹப் தளத்தில் இருந்து வந்த சீட்டா என்று மட்டும் பார்த்துவிட்டு, எந்த ரெப்பாசிட்டரியில் (குறியீட்டுத் தொகுப்பில்) இருந்து வந்தது என்று பார்க்காமல் விட்டால், கிட்ஹப்பில் கணக்கு வைத்திருக்கும் யாருக்கும் அந்தக் கதவு திறக்கும். இந்த அம்புக்குறிகளுக்குச் சிவப்பு மை.

எந்தத் தாக்குதலை எடுப்பது

கற்பனையில் இருந்து எடுக்காதீர்கள். மைட்டர் நிறுவனம் 2015இல் வெளியிட்டுத் தொடர்ந்து புதுப்பித்துவரும் அட்டாக் என்ற தொகுப்பு, உண்மையான திருடர்கள் செய்ததை வகைப்படுத்தி எண் போட்டு வைத்திருக்கிறது. கிளவுடுக்கென்று தனி அட்டவணையும் இருக்கிறது. டி1078.004 என்றால் செல்லுபடியாகும் கிளவுட் கணக்கை வைத்து நுழைவது, டி1552.005 என்றால் சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறும் மெட்டாடேட்டா முகவரியில் இருந்து சாவியை எடுப்பது. டி1537 என்றால் தரவைத் தன் சொந்தக் கிளவுட் கணக்குக்கே மாற்றிக்கொள்வது. எண்ணைக் குறிப்பிட்டுப் பேசும்போது மூன்று குழுக்களும் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன; அதுவே பெரிய லாபம்.

தாக்கும் முன், எதையும் மாற்றாமல் அமைப்புகளைப் படிக்க மட்டும் செய்யும் கருவி ஒன்றை ஓட்டிவிடுங்கள். ஸ்கவுட் ஸூட், ப்ரவ்லர் இரண்டும் இலவசம், மூன்று கிளவுட்களையும் பார்க்கும். யாருக்கும் திறந்திருக்கும் பக்கெட் போன்ற வெளிப்படையான குறைகளை அவையே சொல்லிவிடும். தெரிந்த குறையை ஒத்திகையில் மறுபடி கண்டுபிடிப்பது நேர விரயம்.

முதல் சுற்றுக்கு மூன்று தாக்குதல்கள் போதும். முப்பது எடுத்தால் அறிக்கை தடிமனாகும், திருத்தம் ஒன்றும் நடக்காது.

முதல் ஒத்திகை: ஒரே திருட்டு, மூன்று இடங்களில்

டேட்டாடாக் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டஸ் ரெட் டீம் என்ற திறந்தமூலக் கருவி புதியவர்களுக்கு ஏற்றது. ஒவ்வொரு தாக்குதலையும் அது நான்கு படிகளாகப் பிரிக்கிறது. வார்ம்அப் என்ற கட்டளை, தாக்குவதற்குத் தேவையான போலிப் பொருள்களை உருவாக்கும். டெட்டனேட் தாக்கும். ரிவர்ட் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்கும். க்ளீன்அப் எல்லாவற்றையும் அழிக்கும். ஆக, ஏற்கெனவே இருக்கும் எதையும் உடைக்காமல், தானே வைத்த பொம்மையைத் தானே திருடும்.

டிஸ்க் திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வருக்குள் நுழையத் தேவையில்லை. கடவுச்சொல்லை உடைக்கத் தேவையில்லை. சர்வரின் டிஸ்க்கையே முழுதாக வெளியே கொடுத்துவிட்டால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். மூன்று கிளவுட்களிலும் இது நடக்கும், ஆனால் மூன்றிலும் வேறு வேறு முகத்தோடு. அதனால்தான் முதல் ஒத்திகைக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

ஏடபிள்யூஎஸில் டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் எடுத்த நகல்) இன்னொரு கணக்கோடு பகிரப்படும். கிளவுட்ட்ரெயிலில் மாடிஃபை ஸ்னாப்ஷாட் ஆட்ரிபியூட் என்ற ஒரு வரி விழும். அதைத் திறந்து பாருங்கள்: அழைத்தவரின் பெயர், ஐபி முகவரி, நேரம், யாருக்குப் பகிரப்பட்டது என்ற 12 இலக்கக் கணக்கு எண். அந்த எண் உங்கள் நிறுவனத்தின் எண்களில் ஒன்றா என்று கேட்பதுதான் எச்சரிக்கை விதி. இவ்வளவு எளிய விதி பல இடங்களில் எழுதப்படாமலே கிடக்கிறது.

அஸூரில் வழி வேறு. டிஸ்க்கை இறக்கிக்கொள்ள ஒரு தற்காலிக இணைய முகவரி உருவாக்கப்படும். அந்த முகவரி தெரிந்த யாரும் இறக்கலாம். ஆக்டிவிட்டி லாகில் டிஸ்க்கின் பிகின் கெட் ஆக்சஸ் என்ற செயல் பதிவாகும். முகவரி உருவானது தெரியும். அதை வைத்து யார் இறக்கினார் என்பது இந்தப் பதிவேட்டில் வராது. எனவே அஸூரில் எச்சரிக்கைக்கு உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்த ஒரு கணம்தான்.

கூகுளில் டிஸ்க்கின் அனுமதிப் பட்டியலில் வெளியாள் ஒருவர் சேர்க்கப்படுவார். பதிவில் செட் ஐஏஎம் பாலிசி என்று தெரியும். இதே பெயர் அன்றாட வேலைகளிலும் வந்துகொண்டே இருக்கும் என்பதால், பெயரை வைத்து எச்சரிக்கை போட்டால் குவிந்துவிடும். சேர்க்கப்பட்ட மின்னஞ்சல் முகவரி உங்கள் டொமைனை (@ குறிக்குப் பின் வரும் நிறுவனப் பெயர்) சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஒரே திருட்டு; ஒன்றில் கணக்கு எண், ஒன்றில் முகவரி உருவான கணம், ஒன்றில் மின்னஞ்சல் டொமைன். ஏடபிள்யூஎஸுக்கு எழுதிய விதியை மற்ற இரண்டுக்கும் நகலெடுத்தால் ஏன் பயன் இல்லை என்பது இப்போது கண்கூடாகத் தெரியும்.

தாக்கிய உடனே பதிவைத் தேடி, காணவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கிளவுட்ட்ரெயிலுக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகும். அஸூரின் ஆக்டிவிட்டி லாக் 3 முதல் 20 நிமிடம்வரை எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அந்தத் தாமதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான நாளில் அது திருடனுக்குக் கிடைக்கும் நேரம்.

தடுப்பதற்கும் வழிகள் உண்டு. ஏடபிள்யூஎஸின் இயல்பான குறியாக்கச் சாவியால் பூட்டிய ஸ்னாப்ஷாட்டை வெளியே பகிர முடியாது. அஸூரில் டிஸ்க் ஏற்றுமதியையே மூடிவைக்கலாம். கூகுளில் வெளி டொமைன்களுக்கு அனுமதி தருவதை நிறுவன அளவிலான கொள்கையால் தடுக்கலாம். திருத்திவிட்டு அதே தாக்குதலை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது ஒத்திகை: எல்லை தாண்டும் சாவி

இதைக் கையால் செய்ய வேண்டும். அஸூர் சோதனைச் சந்தாவில் ஒரு சர்வர் வையுங்கள். அதன் மேனேஜ்டு ஐடென்டிட்டிக்கு (அஸூர் சர்வருக்கே தரும் அடையாளம்) ஒரு கீ வால்ட்டைப் படிக்கும் அனுமதி கொடுங்கள். வால்ட்டில் ஏடபிள்யூஎஸ் சோதனைப் பயனர் ஒருவரின் சாவியைப் போடுங்கள். அந்தப் பயனருக்கு, போலிக் கோப்புகள் உள்ள ஒரே ஒரு பக்கெட்டைப் படிக்க மட்டும் அனுமதி. நீங்கள் தாளில் வரைந்த அம்புக்குறிகளில் ஒன்றின் சிறிய மாதிரி இது.

இப்போது திருடனாக மாறுங்கள். அஸூர் சர்வருக்குள் இருந்து வால்ட்டைப் படியுங்கள். கிடைத்த சாவியை எடுத்துக்கொண்டு முற்றிலும் வேறொரு நெட்வொர்க்கில் உள்ள கணினிக்குப் போங்கள். அங்கிருந்து ஏடபிள்யூஎஸை அழைத்து முதலில் நான் யார் என்று கேளுங்கள். கெட் காலர் ஐடென்டிட்டி என்ற அழைப்பு அது, சாவி கிடைத்தவர்கள் வழக்கமாக முதலில் செய்வது. பிறகு பக்கெட்களைப் பட்டியலிட முயலுங்கள்; அனுமதி மறுக்கப்படும். பிறகு ஒரு கோப்பை இறக்குங்கள். ஒவ்வொன்றையும் செய்த நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் நொடிவரை எழுதிவையுங்கள். மூன்று கிளவுட்களின் பதிவுகளும் யூடிசியில்தான் இருக்கும். உங்கள் குறிப்பு உள்ளூர் நேரத்தில் இருந்தால் பிறகு பொருத்திப் பார்ப்பது பெரும்பாடு.

அடுத்து, பதிவுகளைத் தேடும் வேலையை இதை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். அவரிடம் ஏடபிள்யூஎஸ் பக்கத்தை மட்டும் காட்டி, இந்தச் சாவி எங்கிருந்து கசிந்தது என்று கேளுங்கள். அவருக்குக் கிடைப்பது சாவியின் அடையாள எண்ணும் புதிய ஐபி முகவரியும்தான். அஸூர் பதிவில் இருப்பது சர்வரின் அடையாளமும் வால்ட்டில் இருந்த ரகசியத்தின் பெயரும். இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லை, நேரத்தைத் தவிர. வால்ட்டின் பதிவை இயக்காமல் விட்டிருந்தால் அதுவும் இல்லை.

இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு சின்ன பழக்கம் உதவும்: ரகசியத்தை வால்ட்டில் வைக்கும்போதே, அது எந்தக் கிளவுடின் எந்தச் சாவி என்பதை டேகாக (அதோடு ஒட்டிய குறிப்பாக) எழுதிவைப்பது. சாவியின் அடையாள எண் ரகசியம் இல்லை, எழுதலாம். இன்னொன்று, அந்தச் சாவி எந்த ஐபி முகவரிகளில் இருந்து மட்டும் வர வேண்டும் என்று ஏடபிள்யூஎஸ் அனுமதியிலேயே நிபந்தனை போடுவது. நிரந்தரச் சாவியையே எடுத்துவிட்டு, முன்பு சொன்ன அடையாளச் சீட்டு முறைக்கு மாறுவது இன்னும் மேல். மாறிய பிறகு சீட்டின் நிபந்தனைகளையும் ஒத்திகை பாருங்கள்: தவறான இடத்தில் இருந்து சீட்டைக் காட்டினால் கதவு மூடியிருக்கிறதா?

மூன்றாவது: மெட்டாடேட்டா முகவரி

169.254.169.254. மூன்று கிளவுட்களிலும் சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களையும் தற்காலிகச் சாவியையும் கேட்டுப் பெறுவது இந்த ஒரே முகவரியில்தான். கேப்பிட்டல் ஒன்னில் சாவி கிடைத்தது இந்த வழியாகவே. 2019 நவம்பரில் ஏடபிள்யூஎஸ் இதன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது; அதில் முதலில் தனியாக ஒரு டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்கிய பிறகே சாவியைக் கேட்க முடியும். அஸூரும் கூகுளும் கோரிக்கையில் ஒரு தனி ஹெடர் (கோரிக்கையோடு சேர்த்து அனுப்பும் தலைப்பு வரி) இருந்தால்தான் பதில் தரும்.

சோதனை சுலபம். சோதனைக் கணக்கின் ஒவ்வொரு வகைச் சர்வரிலும் நுழைந்து, டோக்கனோ ஹெடரோ இல்லாமல் அந்த முகவரியைக் கேளுங்கள். பதில் வரக்கூடாது. ஏடபிள்யூஎஸில் பழைய சர்வர்களும் பழைய இமேஜில் (சர்வரை உருவாக்கும் அச்சு நகல்) இருந்து பிறந்தவையும் முதல் பதிப்பை இன்னும் ஏற்கலாம். அவற்றைப் பட்டியலிட்டு மாற்றுங்கள். அதோடு, சாவியை எடுத்து வெளியில் இருந்து பயன்படுத்திப் பாருங்கள். சர்வரின் சாவி ஏடபிள்யூஎஸுக்கு வெளியே பயன்பட்டால் அதன் கண்காணிப்புச் சேவையான கார்ட்ட்யூட்டி அதற்கென்றே ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறது. அது உங்கள் குழுவின் கைப்பேசிவரை வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

என்ன எழுதிவைப்பது

ஒவ்வொரு தாக்குதலுக்கும் நான்கு கேள்விகள். பதிவானதா? எச்சரிக்கை எழுந்ததா? அதை ஒரு மனிதர் பார்த்தாரா? பார்த்தவர் நிறுத்த முடிந்ததா? ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம்.

நான்காவது கேள்வியில்தான் பல கிளவுட் அமைப்புகள் தடுமாறுகின்றன. இரவுப் பணியில் இருப்பவருக்கு ஏடபிள்யூஎஸில் சாவியை முடக்கும் உரிமை இருக்கும், அஸூரில் உள்நுழையக்கூட உரிமை இருக்காது. சாவியை முடக்கினாலும், அதை வைத்து ஏற்கெனவே பெற்ற தற்காலிகச் சாவி காலாவதியாகும்வரை வேலை செய்யலாம். ஏடபிள்யூஎஸில் அந்தத் தற்காலிகச் சாவியைத் தந்த ரோலின் (தற்காலிகமாக ஏற்கும் அனுமதித் தொகுப்பு) நடப்பு அமர்வுகளைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். கூகுளின் அணுகல் டோக்கன் வழக்கமாக 1 மணி நேரம் உயிரோடு இருக்கும். நிறுத்தும் வேலையையும் முழுதாக ஒத்திகை பாருங்கள், பேச்சில் முடித்துவிடாதீர்கள்.

அறிக்கையில் யார் பெயரையும் குற்றம்சாட்டும் தொனியில் எழுத வேண்டாம். எச்சரிக்கையைத் தவறவிட்டவர் அடுத்த முறை ஒத்திகைக்கு ஒத்துழைக்க வேண்டும் அல்லவா? முதல் சுற்றில் தாக்குபவரும் காப்பவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்வதே நல்லது. சொல்லாமல் செய்யும் ஒத்திகைக்குப் பிறகு நேரம் வரும்.

துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்

ஸ்ட்ராட்டஸில் க்ளீன்அப் கட்டளையை ஓட்டினால் அது உருவாக்கியவை போய்விடும். நீங்கள் கையால் உருவாக்கியவை போகாது. சோதனைப் பயனர், அவரது சாவி, வால்ட், சர்வர், அஸூரின் டிஸ்க் முகவரி எல்லாவற்றையும் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாக நீக்கி, கன்சோலை (கிளவுடின் நிர்வாக இணையப் பக்கம்) திறந்து கண்ணால் உறுதி செய்யுங்கள். அழித்தவுடன் எல்லாம் மறைவதில்லை: கூகுளில் நீக்கிய திட்டமும், என்ட்ராவில் நீக்கிய செயலிப் பதிவும் 30 நாள்வரை மீட்கும் நிலையில் இருக்கும், கீ வால்ட் அமைப்பைப் பொறுத்து 7 முதல் 90 நாள். அந்த நாள்களில் அவற்றை யார் மீட்க முடியும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்த குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு தேதியும் போடுங்கள். அந்தத் தேதியில் அதே தாக்குதலை அதே படிகளில் மறுபடி நடத்துங்கள். எச்சரிக்கை பணியில் இருப்பவரை வந்தடைந்த நேரத்தைப் பழைய நேரத்துக்குப் பக்கத்தில் எழுதிய பிறகே அந்தக் குறையைப் பட்டியலில் இருந்து அடித்துவிடலாம்.